மொட்டை மாடியில் யாரிடம் பேசுகிறீர்கள்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். வயது 33. கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே வரலாற்றில் பகுதிநேர பிஎச்.டி. செய்கிறேன். தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையும் குண்டு கிராமங்களும்தான் என் ஆய்வு. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் பதினோரு முறை போய்க் குறிப்பெடுத்தேன். பி.ஏ. வரை தமிழ் மீடியம். போன வருஷம் ஒரு கருத்தரங்கில் 12 பக்கக் கட்டுரையை ஆங்கிலத்தில் படித்தேன். பத்து நிமிஷத்தில், நாலாவது பக்கத்திலேயே தலைவர் மணி அடித்துவிட்டார். குரலும் எழும்பவில்லை. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை புதுச்சேரியில் மறுபடி வாசிக்க வேண்டும், 15 நிமிஷம். பிஎச்.டி.க்கு இரண்டு கட்டுரை கட்டாயம் என்பதால் தப்பிக்க வழியில்லை. கணவருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. நாலு வயதுப் பையனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை தேர்வுப் பணி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். போன தடவை போலவே, எல்லோரும் தூங்கிய பிறகு மொட்டை மாடியில் மெதுவாகச் சொல்லிப் பழகுகிறேன். ஒருநாள் மாமியார் படியில் நின்று “யார்கிட்டம்மா பேசுற?” என்று கேட்டார். தோழியிடம் போனில் பேசுவதாகச் சமாளித்தேன். ஆங்கிலம்தான் என் பிரச்சினை. 8,000 ரூபாய்க்கு ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இருக்கிறது. சேரலாமா? கட்டுரைச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: சேர வேண்டாம். அந்த எட்டாயிரத்தைப் பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வையுங்கள்.

ஆங்கிலம் வரவில்லை, மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. உங்கள் கடிதத்தில் மட்டும் மாடிப்படியில் ஒரு மாமியார் நிற்கிறார். போகிற போக்கில் அவரைத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் முடியவில்லை.

நடுராத்திரி. மகன் நைட் ஷிப்டில். மருமகள் இருட்டில் நின்று, தாழ்ந்த குரலில், புரியாத மொழியில் யாரிடமோ பேசுகிறாள். கேட்டால் “தோழி” என்கிறாள். கீழே போய்ப் படுத்த அந்த அம்மாளுக்குத் தூக்கம் வந்திருக்குமா? ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா? அதற்கப்புறமும் அவர் உங்களை ஒரு கேள்வி கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அது அவருடைய பெருந்தன்மை. நீங்கள் அதை உங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கருத்தரங்கில் குரல் எழும்பவில்லை என்கிறீர்கள். எப்படி எழும்பும்? யார் காதிலும் விழாமல் பேசுவதற்கல்லவா ராத்திரி ராத்திரியாகப் பழகியிருக்கிறீர்கள்! பழகினது அப்படியே வந்தது. இதில் ஆங்கிலத்தின் மேல் என்ன குற்றம்?

எழும்பூருக்குப் பதினோரு முறை போனேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விடியக்காலை பஸ் ஏறி, ராத்திரி திரும்பியிருப்பீர்கள். அந்தப் பதினோரு நாளும் பையனுக்குச் சோறு ஊட்டியது யார்? ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், முதல்வர், நூலகர் என்று எல்லோரும் வருவார்கள். இவருக்கு மட்டும் தேர்வுப் பணி என்று ஒரு பொய்.

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். வீட்டில் ஒருத்தி படிக்கிறாள் என்றால், வளைகாப்பு, காதுகுத்து மாதிரி அதுவும் வீட்டுக் காரியம்தான். எல்லோரும் தோள் கொடுக்க வேண்டும். விஷயமே தெரியாதவர்கள் எப்படித் தோள் கொடுப்பார்கள்? மாமியார் தடுப்பார் என்று பயமா? தடுத்ததாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டுப் பார்த்ததாகவும் எழுதவில்லை. ஒருவேளை தடுத்தால் நடுக்கூடத்தில் நின்று சண்டை போடுங்கள், அப்போது நான் உங்கள் கட்சி. உங்கள் கணவரையும் விடுவதாக இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு பையனைப் பார்த்துக்கொள்வது அவர் கடமை. இதை உதவி என்று அவர் சொன்னால் திருத்துங்கள்.

அப்புறம், அந்தக் ‘கட்டாயம்’. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2016 விதி இரண்டு கருத்தரங்க வாசிப்பு கேட்டது. 2022-ல் வந்த விதியில் அது கிடையாது. உங்கள் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு வைத்திருக்கிறதா என்று நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னாலும் போய் வாசியுங்கள். கையில் இருப்பது அப்படிப்பட்ட சரக்கு.

ஆனால் அந்தச் சரக்கை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்! ‘ஃப்ரம் டைம் இம்மெமோரியல்’ என்று தொடங்குகிறது உங்கள் சுருக்கம். தொன்றுதொட்டுத் தென்னிந்திய வரலாற்றில் கடலூர் சிறப்பிடம் பெற்று வருகிறதாம். கடலூரை எடுத்துவிட்டுக் கரூரைப் போட்டாலும் அந்த வாக்கியம் கூசாமல் நிற்கும். குண்டு எங்கே? தேடினேன். கடைசிப் பத்தியில் கிடந்தது.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் அந்தக் கோட்டையை வாங்குகிறது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் விலையில் சேர்த்தி. சுட்டார்கள்; குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்தவை குண்டு கிராமங்கள் ஆயின. நிலம் அளக்கப் பீரங்கி! அப்போது மதராஸில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு ‘தொன்றுதொட்டு’ என்று ஆரம்பிக்க எப்படி மனசு வந்தது? எந்தப் பீரங்கிக்காரனாவது அன்றைக்கு வெடிமருந்தைக் குறைத்துப் போட்டிருப்பானா? முதல் வாக்கியத்திலேயே பீரங்கி வெடிக்கட்டும்.

இரண்டாவது வாக்கியம் ஆறு வரி ஓடுகிறது. தமிழில் வந்து, பார்த்து, பேரம் பேசி, வாங்கி என்று எச்சமாகக் கோத்துக்கொண்டே போய் முடிவில் வினைமுற்றை வைத்தால் கேட்கச் சுகம். நீங்கள் அதையே ஆங்கிலத்தில் ‘ஹேவிங்’, ‘ஹேவிங்’ என்று கோத்திருக்கிறீர்கள். யார் என்ன செய்தார் என்று தெரியாமல், கேட்கிறவர்கள் ஆறு வரியும் தொங்க வேண்டியிருக்கிறது. ஆள், செயல் இரண்டையும் முன்னால் கொண்டுவாருங்கள். கம்பெனி கோட்டையை வாங்கியது. விற்றவர்கள் மராத்தியர். குண்டு போகும் தூரத்து நிலமும் விலையில் சேர்ந்தது. மூன்று சின்ன வாக்கியம். இதற்கான ஆங்கிலம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மணி விஷயத்தில் தலைவர் மேல் தப்பே இல்லை. பக்கத்துக்கு 300 சொல் என்றால் 12 பக்கம் 3,600 சொல். நிமிஷத்துக்கு 120 சொல் வீதம் படித்தால் அரை மணி நேரம். பத்து நிமிஷத்தில் நாலு பக்கம்தான் முடியும், அதைத்தான் நீங்களும் முடித்திருக்கிறீர்கள். இந்தத் தடவை 12 நிமிஷம் வாசிப்பு, மீதி மூன்று நிமிஷம் கேள்விக்கு. ஐந்து பக்கத்துக்கு மேல் ஒரு தாளும் கையில் இருக்கக் கூடாது. வெட்ட மனசு வராது, தெரியும். வெட்டியது ஆய்வேட்டில் பத்திரமாக இருக்கும். முதல் நிமிஷத்தையும் கடைசி நிமிஷத்தையும் மட்டும் மனப்பாடமாக, எதிரே இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள். நடுவில் தாளைப் பார்த்தே படிக்கலாம், வரலாற்றுக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கேள்வி புரியவில்லை என்றால் “குட் யூ ரிப்பீட் த கொஸ்டின்?” என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அந்த ஆவணத்தை இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். அப்படியும் வார்த்தை சிக்கினால், தலைவரிடம் அனுமதி கேட்டுத் தமிழில் பதில் சொல்லுங்கள். புதுச்சேரியில் தமிழ் தெரியாத அவையா கூடப்போகிறது?

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. பையன் சாப்பிட்டு முடித்ததும் மாமியாரிடம் போய், “அன்னைக்கு மாடியில நான் யார்கிட்டயும் பேசலை அத்தை” என்று ஆரம்பியுங்கள். தேர்வுப் பணியையும் அப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் குண்டு கிராமத்துக் கதையைத் தமிழில் சொல்லுங்கள். குண்டு விழுந்த இடத்தை யார் போய்ப் பார்த்தார்கள், அங்கே இருந்த ஜனங்களைக் கேட்டார்களா என்று அவர் ஏதாவது கேட்பார். எழுதிக்கொள்ளுங்கள், அந்தக் கேள்வி புதுச்சேரிக்கும் வரும். நாளையிலிருந்து ஆங்கிலத்தில், கூடத்தில் நின்று, அடுப்படி வரைக்கும் கேட்கிற குரலில் படியுங்கள். அவருக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, கையில் பூஜை மணியைக் கொடுத்துவிடுங்கள். 12-வது நிமிஷத்தில் ஒரு தரம், 15-ல் ஒரு தரம் அடிக்கச் சொல்லுங்கள்.