நாத்தனார் சொல்கிற ஆபரேஷனா, டாக்டர் சொல்கிறதா?

கேள்வி: கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து 21 வருடம். வயது 46, இரண்டும் சுகப்பிரசவம். கர்ப்பப்பையில் கட்டி, மாதம் 10 நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 8. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. புற்றுநோய் இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். கர்ப்பப்பையைக் கீழ்வழியாகவே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். "அதெல்லாம் பாட்டி காலத்து முறை, லேப்ராஸ்கோபி கேளுங்க அண்ணி" என்கிறாள் நாத்தனார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் வேறு.
— ரோஸ்ஹில் வாசகி

பதில்: பழசு என்பது நிஜம்தான். லேப்ராஸ்கோபியில் கர்ப்பப்பையை முதலில் எடுத்தது 1988-ல், அமெரிக்காவில் ஹாரி ரீச் என்பவர். கீழ்வழி, அதாவது யோனி வழியாக எடுப்பது, அதற்கு ரொம்ப முந்தியது. அதற்காக மட்டமா என்ன? வயிற்றில் ஒரு தழும்புகூட விழாத முறை அதுதானே! லேப்ராஸ்கோபியில் 3, 4 துளை போட்டு, வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைப்பார்கள். மறுநாள் தோள்பட்டை வலிக்கும், வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று பலர் பயந்துபோவார்கள், அது அந்த வாயுவின் வேலை.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2015-ல் 47 ஆய்வுகளை, மொத்தம் 5,102 பெண்களை, சேர்த்துப் பார்த்தது. வயிற்றைத் திறந்து எடுப்பதைவிட மற்ற இரண்டிலுமே சீக்கிரம் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். ஆனால் கீழ்வழியோடு ஒப்பிட்டால் லேப்ராஸ்கோபிக்குத் தனி லாபம் எதுவும் தெரியவில்லை, நேரம்தான் கூடுதல். திறந்து செய்வதைவிட லேப்ராஸ்கோபியில் சிறுநீர்ப்பையோ சிறுநீர்க்குழாயோ காயப்படுவதும் கொஞ்சம் அதிகம். ரோபோ என்று யாராவது ஆசை காட்டினால், அதுவும் லேப்ராஸ்கோபிதான், பில் மட்டும் பெரிசு.

கட்டி ரொம்பப் பெரிசு, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) இருக்கிறது என்றால் கதை வேறு. உங்களுக்குச் சுகப்பிரசவம் ஆகியிருப்பதால் பாதை தளர்வாக இருக்கும், கர்ப்பப்பை அசைந்து கொடுத்தால் கீழ்வழி சுலபம். டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "இந்த முறையில் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" கை பழகிய முறைதான் நல்ல முறை. சினைப்பையை விட்டுவைப்பார்களா என்றும் கேளுங்கள், அது இருந்தால் மெனோபாஸ் உடனே வந்துவிடாது. அப்புறம் அந்த 8-ஐ இரும்புச்சத்து ஏற்றிக் கூட்டிவிட்டு ஆபரேஷன் மேஜைக்குப் போங்கள்.

பால்குடம்? எந்த வழியில் எடுத்தாலும் கர்ப்பப்பை இருந்த இடத்துக்குக் கீழே, யோனியின் உச்சியில், ஒரு தையல் இருக்கும். வெளியே தழும்பு இல்லையே என்று நினைக்காதீர்கள், உள்ளே ஆற 6 வாரமாவது வேண்டும்; அதுவரை கனம் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. டிசம்பர் தொடக்கத்துக்குள் ஆபரேஷன் முடிந்து, டாக்டரும் பார்த்துச் சரி என்றால் எடுக்கலாம். தள்ளிப்போனால், கோர் தெ கார்த் மலைக்கோயில் படியில் நீங்கள் வெறுங்கையோடு ஏறுங்கள், குடத்தை நாத்தனார் தூக்கட்டும்.