அரசுக் கல்லூரியில் பி.பார்ம். கிடைத்தால் மகளைச் சேர்க்கலாமா?

விருதுநகர் பக்கமிருந்து எழுதிய தந்தைக்கு வணக்கம்.

மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள், நீட் கைகொடுக்கவில்லை, பி.பார்ம். என்ற மருந்தாளுநர் பட்டப்படிப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள். "மருந்துக்கடையில் நிற்கவா நாலு வருஷம் படிக்க வைப்பது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் ஒன்று கேட்க வேண்டும். மகளுக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்குமா?

டாக்டர் ஆக முடியவில்லை, மருத்துவம் சார்ந்து ஏதாவது படிக்கட்டும் என்று சேர்த்துவிடப்படும் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதிர்பார்ப்பது நோயாளி. அங்கே இருப்பது பியூரெட், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளக்கும் கண்ணாடிக் குழாய். இனார்கானிக், ஆர்கானிக், மெடிசினல் கெமிஸ்ட்ரி, பகுப்பாய்வு என்று கடைசி வருடம் வரை வேதியியல் விடாது. உடற்கூறு, மருந்தியல், மருந்துச் சட்டம் எல்லாம் உண்டு. ஆனாலும் முதுகெலும்பு கெமிஸ்ட்ரிதான். முதல் செமஸ்டர் லேபில் லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெயைத் தண்ணீரோடு பிரியாமல் கலந்து எமல்ஷன் செய்யச் சொல்வார்கள். எண்ணெய் மூன்று பங்கு, தண்ணீர் இரண்டு, வேலம்பிசின் ஒன்று. கல்வத்தில் ஒரே திசையில், ஒரே வேகத்தில் அரைத்தால் வெண்ணெய் போலத் திரண்டு 'கிளிக் கிளிக்' என்று சத்தம் வரும். கை நின்றாலோ தண்ணீர் அளவு தவறினாலோ எண்ணெய் பிரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இந்தப் பொறுமை சந்தோஷமாக வருகிற பிள்ளைக்கு இது அருமையான படிப்பு. "நீட்டில் எந்தப் பகுதி படிக்க ஆசையாக இருந்தது?" என்று இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். உயிரியல் மட்டும்தான் என்றால் நர்சிங், பிசியோதெரபி பக்கமும் யோசிக்கலாம்.

பிடிக்கும் என்றால், அரசு இடத்தை விடாதீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் பி.பார்ம். உண்டு, பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தும். 'பாராமெடிக்கல்' படிப்புகள் என்ற பெயரில் அறிவிப்பு வரும். அதைப் பார்க்காமல் விட்டு வாய்ப்பை இழந்த குடும்பங்கள் நிறைய. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் ஃபார்மசி துறை இருக்கிறது, அதையும் பாருங்கள். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பெரிய ஆஸ்பத்திரியின் அருகாமை. சீட்டு எழுதுவதிலிருந்து வார்டுக்கு மருந்து போவது வரை கண் முன்னால் நடக்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

சேர்ந்த பிறகு ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு செமஸ்டர் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறாமல் ஐந்தாம் செமஸ்டருக்குப் போக முடியாது. வருகைப்பதிவு 80 சதவீதம் வேண்டும். 'அரியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு இங்கே ஒரு வருடத்தையே தின்றுவிடும். மகள் கணிதம் இல்லாத பிரிவு என்றால், முதல் செமஸ்டரில் அடிப்படைக் கணிதம் ஒரு பாடமாக வரும், பயப்பட வேண்டாம்.

இப்போது மருந்துக்கடை. கடையில் நிற்பது மட்டமான வேலை இல்லை ஐயா. 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டப்படி, பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. ஆனால் கடையில் நிற்பதற்கு மட்டும் என்றால் இரண்டு வருட டிப்ளமோவான டி.பார்ம். போதும். பட்டம் திறக்கும் கதவுகள் வேறு. டிஎன்பிஎஸ்சி நடத்தும் டிரக் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு டி.பார்ம். போதாது, பட்டம் வேண்டும். ஆலத்தூர், ஓசூர், புதுச்சேரி, ஹைதராபாத் பக்கத்து மருந்துத் தொழிற்சாலைகளில் மருந்தின் தரத்தைச் சோதித்து உறுதிசெய்யும் க்யூ.சி., க்யூ.ஏ. வேலைகள், மருந்தின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் வேலை, அனுமதி ஆவணங்கள் தயாரிக்கும் ரெகுலேட்டரி வேலை இதெல்லாம் உண்டு. முதல் சம்பளம் இன்ஜினியரிங் படித்த பக்கத்து வீட்டுப் பையனுடையது போல இருக்காமல் போகலாம். இரண்டு மூன்று வருடம் மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. இயந்திரத்தில் கை பழகியவர்களுக்கு நிலைமை மாறும். மேலே படிக்க நினைத்தால், எம்.பார்ம். என்ற முதுகலைப் படிப்புக்கான அகில இந்தியத் தேர்வான ஜிபேட் எழுதட்டும். அதில் தேறி எம்.பார்ம். சேருபவர்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ மாதம் 12,400 ரூபாய் தருகிறது. மொஹாலி, ஹைதராபாத் போன்ற ஊர்களில் உள்ள நைப்பர் என்ற மத்திய அரசின் மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத்தேர்வு.

படிப்பு முடிந்து தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சிலில் பதிவு செய்ததும், "சான்றிதழை மட்டும் கடையில் மாட்டிக்கொள்கிறேன், மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று யாராவது வருவார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அங்கே பயிற்சி இல்லாத கை தவறான மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், சுவரில் தொங்குவது உங்கள் மகளின் பெயர்.

அரசு இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போவதானால், அந்தக் கல்லூரிக்கு இந்தக் கல்வியாண்டுக்கான பி.சி.ஐ. (இந்திய ஃபார்மசி கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத இடத்தில் படித்த பட்டத்தைத் தமிழ்நாடு கவுன்சிலில் பதிய முடியாது. லேபுக்குள்ளும் ஒரு நடை போய்ப் பாருங்கள், கருவிகள் உறை போட்டு மூடியே கிடக்கின்றனவா என்று. தரவரிசை வந்ததும் எழுதுங்கள், விருப்பக் கல்லூரிகளின் வரிசையைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.