அம்மாவின் ஆங்கிலம் அரைகுறையாக இருந்தால் கதை வாசிக்கலாமா?

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். சாதாரண தரம் வரை படித்தவர். மலையில் கொழுந்து எடுக்கிறார். மகள் இந்த ஆண்டு தரம் 1இல் சேர்ந்திருக்கிறாள். மகளுக்கு ஆங்கிலக் கதைகளை வாசித்துக் காட்ட அவருக்கு ஆசை. ஆனால் தம்முடைய பிழையான உச்சரிப்பு பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று தயங்குகிறார். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டுமா, ஒரே புத்தகத்தையே நாள்தோறும் கேட்டு அடம்பிடிக்கும் மகளை என்ன செய்வது, கைபேசியில் ஒரு காணொளியைப் போட்டுவிட்டால் போதாதா என்றும் கேட்கிறார்.

தாராளமாக வாசியுங்கள். பிள்ளைகள் உச்சரிப்பை ஒருவரிடமிருந்து மட்டும் பெறுவதில்லை. ஆசிரியை, உடன் படிக்கும் பிள்ளைகள், தொலைக்காட்சி எனப் பல இடங்களில் கேட்டுக் கேட்டு அவர்கள் தங்கள் ஒலிகளைத் திருத்திக்கொண்டே போவார்கள். உங்கள் மடியில் கிடைப்பது கதையும் சொற்களும், ஆங்கிலம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்ற பழக்கமும். ஆயினும், வாசித்துக் காட்டுவதற்கு முந்தைய நாளே புத்தகத்தை ஒருமுறை தனியாக வாசித்துப் பார்த்து, சந்தேகமான சொற்களைப் பாடசாலை ஆசிரியையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நமக்குக் குறில் நெடில் பழக்கம் இருப்பதால் ஆங்கில உயிரொலிகளின் நீளம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் 'பெரிய' என்பதற்கான சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'பிக்' என்றே வரும். ஒரு துண்டுக் கடதாசியை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்: பன்றிக்கான சொல்லில் மூச்சு வெடித்துக் கடதாசி நன்றாக ஆடும், மற்றதில் அவ்வளவாக ஆடாது. பிள்ளைக்கு இது விளையாட்டாகவும் இருக்கும். இதனால்தான் ஆங்கில வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழெழுத்தில் உச்சரிப்பை எழுதிவைக்கும் நம்மூர் வழக்கத்தை வேண்டாம் என்கிறேன். (கீழே நானே அப்படி எழுதப்போகிறேன், அது இந்தப் பக்கத்தின் வசதிக்காக மட்டுமே.)

வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள். அடுத்ததாகத் தமிழ் வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை ஆங்கிலத்தைக் காதில் வாங்காமல் தமிழுக்காகவே காத்திருக்கும். அதற்காகத் தமிழை விலக்கவும் வேண்டியதில்லை. கதையைப் பற்றிய பேச்சு தமிழிலும், கதையின் வரி ஆங்கிலத்திலும் இருக்கட்டும். மழையில் நனைந்த ஒரு கோழியின் படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "தி ஹென் இஸ் வெட்" என்று விரலைக் கோழியின் மேல் வைத்து வாசித்துவிட்டு, நீங்களே குளிரில் நடுங்கிக் காட்டுங்கள். "ஏன் இப்படி நடுங்குது?" என்று கேளுங்கள். "மழையில நனைஞ்சிருச்சு" என்பாள். "யெஸ், வெட். தி ஹென் இஸ் வெட்" என்று அவள் சொன்னதையே ஆங்கிலத்தில் திருப்பித் தாருங்கள். அடுத்த நாள் அதே வரியில் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அவளே முடிப்பாள். முடிக்காவிட்டால் நீங்கள் முடித்துவிட்டு மேலே போங்கள். கொடியில் இரண்டு நாளாகக் காயாமல் தொங்கும் சீருடையைத் தொட்டுக் காட்டியும் அதே சொல்லைச் சொல்லலாம். மலையகத்தில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரே புத்தகத்தைக் கேட்பது நல்ல அறிகுறி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய சொற்களைச் சம எண்ணிக்கையில் கேட்டிருந்தும், அவற்றை ஒரே கதைகளில் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகளே வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களை விட நன்றாகக் கற்றிருந்தார்கள். கதை தெரிந்துவிட்டதால் அவர்களுடைய கவனம் சொல்லின் பக்கம் திரும்புகிறது என்று கொள்ளலாம். சலிப்பு உங்களுக்குத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணொளி துணைக்கு இருக்கட்டும். அமெரிக்க ஆய்வாளர் பட்ரிஷியா கூலும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள், நேரில் விளையாடியும் வாசித்தும் காட்டியவர்களிடமிருந்து சீனமொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றன. திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை காணொளியிலிருந்தும் சில சொற்களைப் பிடித்துக்கொள்ளும்தான்; ஆனால் அவளுக்கு விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்து நிறுத்த அந்தக் கருவிக்குத் தெரியாது. காணொளியை முதலில் நீங்கள் கேட்டு உங்கள் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டால் அதுவே பெரிய உதவி.

எழுத்துக்கூட்டவும் மனப்பாடம் செய்யவும் இப்போது நெருக்காதீர்கள். நம் நாட்டில் 1999 முதல் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் செயற்பாடுகள் வழியாக வாய்மொழியாகவே அறிமுகப்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. முறையான பாடமாகத் தரம் 3இல்தான் தொடங்கி வந்திருக்கிறது. அதற்குள் கொப்பியும் பிரம்புமாக உட்காரவைக்கும் டியூஷன் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

புத்தகத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். நகரசபை, பிரதேசசபை நூலகங்களின் சிறுவர் பகுதியில் கேளுங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஏராளமான படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் முதல் நிலையிலிருந்தே எடுங்கள். பக்கத்துக்கு ஒரு வரி, வரிக்கேற்ற தெளிவான படம், திரும்பத் திரும்ப வரும் ஒரே வாக்கியம் என்று இருந்தால் போதும். கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய களைப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் முடியாது என்றால் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிடலாம். ஒன்றுமே முடியாத நாளில் அப்பாயி தமிழில் கதை சொல்லட்டும், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.