சார்ட்டர் கம்பெனியில் 500 மணி நேரம் பறக்க 20 லட்சம் கட்டலாமா?

கேள்வி: ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 57, சம்பளம் 62,000, இன்னும் 3 ஆண்டில் ஓய்வு. மகனுக்கு 23 வயது. சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) முடித்துவிட்டான், 205 மணி நேரம் பறந்திருக்கிறான். அந்தப் படிப்புக்கு வீட்டை அடமானம் வைத்து வாங்கிய 28 லட்சம் கடன் இருக்கிறது, வட்டி 11 சதவீதம், 4 மாதத்தில் இஎம்ஐ தொடங்குகிறது. எஃப்டியில் 14 லட்சம் உண்டு. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இன்னும் 20 லட்சம் கட்டினால் விமானத்தை வாடகைக்கு விடும் ஒரு சார்ட்டர் கம்பெனியின் சிறிய விமானத்தில் 500 மணி நேரம் பறக்கலாம், அப்புறம் அங்கேயே வேலை நிச்சயம் என்கிறார் ஒரு ஏஜென்ட். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரோ 1,500 மணி நேரம் இல்லாமல் எங்கேயும் எடுக்க மாட்டார்கள் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த 20 லட்சத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை உங்கள் மகனுக்கும் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும்.

மைத்துனர் சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. 2009-ல் பஃபலோ நகரத்துக்கு அருகே ஒரு பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு அங்கே சட்டம் மாறியது, 2013 முதல் பயணிகள் ஏர்லைனில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். ஆனால் அங்கேயும் சார்ட்டருக்கு அவ்வளவு தேவையில்லை. கருவிகளைப் பார்த்து மேகத்துக்குள் பறக்கும் சார்ட்டர் விமானத்துக்குக் கேப்டனாக 1,200 மணி நேரம், கண்ணால் வெளியே பார்த்து ஓட்டும் வகைக்கு 500 போதும். அதனால் அங்கே பையன்கள் பயிற்சியாளராக இருந்து மணி நேரம் சேர்த்து, சார்ட்டரில் ஏறி, அப்புறம் ஏர்லைனுக்குப் போகிறார்கள்.

நம் ஊரில் அந்த ஏணி தலைகீழ். நம் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ சிபிஎல் கொடுப்பது 200 மணி நேரத்தில். அந்த லைசென்ஸோடு டைப் ரேட்டிங்கும், அதாவது குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தை ஓட்டும் தகுதியும், இருந்தால் ஏர்பஸ் ஏ320 மாதிரி பெரிய பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரச் சட்டம் அனுமதிக்கிறது. சார்ட்டர்காரர்கள்தான் அனுபவம் கேட்கிறார்கள். ஏனென்று யோசித்துப் பாருங்கள், இங்கே சார்ட்டர் விமானத்தில் ஏறுவது பெரும்பாலும் தொழிலதிபர்களும் அரசியல் தலைவர்களும். முதலமைச்சர், ஆளுநர் மாதிரி முக்கியஸ்தர்களை ஏற்றிச் செல்லும்போது விமானியின் அனுபவத்துக்குத் தனி விதிகளே இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனமும் மணி நேரத்தைப் பார்க்கும். கம்பெனியிடம் இருப்பதோ இரண்டு மூன்று விமானம், புதியவனை உட்கார வைத்துப் பழக்க அவர்களுக்கு ஏர்லைன் மாதிரி வசதி கிடையாது.

கேப்டன் ஆவதற்கும் ஒரு கோடு இருக்கிறது. 5,700 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானத்துக்குக் கேப்டனாக ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம். சார்ட்டரில் நிறையப் பார்க்கும் கிங் ஏர் பி200 விமானத்தின் அதிகபட்ச எடை 5,670 கிலோ, அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே. சட்டப்படி சிபிஎல்லே போதும் என்றாலும், 205 மணி நேரக்காரனை நம்பி அதன் இடப்பக்கக் கேப்டன் இருக்கையை யாரும் கொடுக்கப் போவதில்லை.

இன்னொரு விஷயம், அந்த 500 மணி நேரம் எப்போது சேரும்? ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரம் வரை பறக்கலாம் என்பது சட்ட வரம்பு. ஏர்லைன் பைலட் அதை நோக்கிப் போவார். சார்ட்டரில் யாராவது வாடகைக்கு எடுத்தால்தான் விமானம் கிளம்பும், தேர்தல் நேரத்தில் ஓய்வே இருக்காது, மற்ற மாதங்களில் விமானம் ஹேங்கரில் நிற்கும். அதில் கம்பெனியின் சொந்த பைலட்டுகளுக்குப் போக மிச்சம்தான் உங்கள் மகனுக்கு. நான் கணக்குப் போட்டால் இரண்டு ஆண்டுக்குக் குறைந்து வரவில்லை.

என்னிடம் ஒரு பையன் அப்பாவோடு வந்து பறந்த மணி நேரத்தை எழுதி வைக்கும் லாக் புக்கைத் திறந்து காட்டினான். முதல் பக்கங்கள் முழுக்க செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம், ஒரு மணி நேரம், ஒன்றே கால் மணி நேரம் என்று அழகான கையெழுத்தில் வரிசையாக. 204 மணி நேரத்தில் அது நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஆண்டுக்கு ஒரு வரி, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை, அதாவது கருவிகளைப் பார்த்துப் பறக்கும் ஐஆர் தகுதியை, புதுப்பிக்க ஓட்டிக் காட்டிய தேர்வு மட்டும். மூன்று ஆண்டுக்கு மூன்று வரி. அந்த அப்பா அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார். அவரும் ஒரு ஏஜென்ட்டிடம் பணம் கட்டியவர்தான். விமானம் பராமரிப்பில் இருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் பதில் வந்ததே தவிர ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 28 லட்சத்துக்கு 11 சதவீதத்தில் 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் 38,500. இதோடு 20 லட்சம் சேர்ந்தால் 66,000. உங்கள் சம்பளமே 62,000, அதுவும் 3 ஆண்டுக்குத்தான். எஃப்டியை உடைத்துக் கட்டினாலும் 6 லட்சம் வெளியே வாங்க வேண்டும், மகள் கல்லூரியில் சேரும் நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

வங்கிக்குப் போய் தவணைக் காலத்தை 15 ஆண்டாக மாற்றித் தரக் கேளுங்கள். இஎம்ஐ சுமார் 32,000-க்கு இறங்கும். மொத்த வட்டி 11 லட்சம் கூடும், அது உண்மைதான், ஆனால் மிதக்கும் வட்டியாக இருந்தால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது, மகனுக்கு வேலை கிடைத்ததும் வேகமாக அடைத்துவிடலாம். எஃப்டியில் 4 லட்சத்தைத் தனியாக வையுங்கள், அது ஓராண்டு இஎம்ஐ. மகள் படிப்புக்கு 6 லட்சம், அதைத் தொடவே கூடாது. மீதி 4 லட்சம் மகனின் லைசென்ஸை உயிரோடு வைத்திருக்க. கிளாஸ் 1 மெடிக்கல் என்ற உடல் தகுதிச் சோதனை ஆண்டுதோறும், ஐஆர் தேர்வு ஆண்டுதோறும், ஏர்லைன் தேர்வுகளுக்குப் பயிற்சி, போக்குவரத்து எல்லாம் அதில் அடங்க வேண்டும்.

வேலை வாய்ப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானமும் இண்டிகோ 500 விமானமும் ஆர்டர் கொடுத்தன, அவை வரவர ஆள் வேண்டும். ஆனால் பற்றாக்குறை கேப்டன்களுக்குத்தான், 200 மணி நேரக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். 2019-ல் ஜெட் ஏர்வேஸும் 2023-ல் கோ ஃபர்ஸ்டும் நின்றபோது அனுபவசாலிகளே அந்த வரிசைக்கு வந்தார்கள். அதனால் டைப் ரேட்டிங்கும் இப்போது வேண்டாம், ஒரு கம்பெனி எழுத்தில் வேலை கொடுத்த பிறகு அந்த விமானத்துக்கு எடுக்கட்டும். எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் மறுபடி சிமுலேட்டருக்குக் காசு போகும். பறக்கும் பள்ளியில் பயிற்சியாளர் ஆவது பற்றி மகனிடம் பேசிப் பாருங்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் மணி நேரத்துக்கு நீங்கள் காசு கொடுக்காமல், அவனுக்குக் காசு வரும்.

ஏஜென்ட்டிடம் இதையெல்லாம் கேளுங்கள்: கம்பெனியின் பெயர் டிஜிசிஏவின் சார்ட்டர் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா, பணம் யார் கணக்குக்குப் போகிறது, அந்த விமானத்துக்குத் துணை விமானி விதிப்படி தேவையா, லாக் புக்கில் அந்த மணி நேரம் எப்படி எழுதப்படும், 500 முடியாவிட்டால் எவ்வளவு திரும்ப வரும். பறக்காத மணி நேரத்தை எழுதித் தருகிறேன் என்று யாராவது சாடை காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், அது லைசென்ஸோடு நிற்காது, போலீஸ் வழக்கு வரை போகும்.

பதில்களைக் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள், வரிக்கு வரி படித்துச் சொல்கிறேன். அதுவரை எஃப்டி ரசீது பீரோவிலேயே இருக்கட்டும்.