வானம் பளிச்சென்று இருந்தும் சோலோ ஏன் இல்லை?

விமானம் ஓட்டப் படிக்கும் நம்ம மாவட்டப் பிள்ளைகளும் வீட்டாரும் கேட்டவை. பதில் சொல்பவர் நாகர்கோவில்காரரான ஒரு பயிற்றுநர். சோலோ என்றால், பயிற்றுநர் கூட இல்லாமல் மாணவர் தனியாகப் பறப்பது.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணா, சோலோவுக்கு எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

கண்ணால் பார்த்து ஓட்டும் வி.எஃப்.ஆர். விதியில், 10,000 அடிக்குக் கீழே 5 கிலோமீட்டர். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி தள்ளியிருக்க வேண்டும். இது லைசென்ஸ் உள்ளவருக்கும் பொது. மாணவர் என்றால் பயிற்றுநர் இதைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: மேகமே இல்லை, ஆனாலும் என் சோலோவை ரத்து செய்துவிட்டார்கள். ஏன்?

முப்பந்தல் காற்றாடிகளைப் பார்த்து வளர்ந்தவர் கேட்கிற கேள்வியா இது! காற்றுதான் காரணமாக இருக்கும். காற்றின் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஓடுதளத்துக்கு எந்தக் கோணத்தில் வருகிறது என்று பாருங்கள். 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) காற்று 30 டிகிரியில் வந்தால், விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும் குறுக்குக் காற்று 10 நாட்தான். அதே காற்று 90 டிகிரியில் வந்தால் முழு 20. செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்துக்குச் சோதனையில் செய்து காட்டிய அளவே 15 நாட். அதுவும் கைதேர்ந்த விமானி ஓட்டியது. போதாக்குறைக்கு, மலைக் கணவாயைத் தாண்டி வரும் காற்று சீராக வராது, விட்டு விட்டு அடிக்கும். தரை தொடும் நேரத்தில் அப்படி ஒரு அடி விழுந்தால் புதுக் கை திணறிப்போகும்.

குலசேகரத்திலிருந்து ஓர் அம்மா: மகன் மூன்று நாளாகப் பறக்கவில்லையாம். பணம் வீண்தானே?

இல்லை அக்கா. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேண்டும், மழைக்காலத்தில் இழுக்கத்தான் செய்யும். வானிலைப் பாடத்துக்குத் தனித் தேர்வே இருக்கிறது. அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

குளச்சலிலிருந்து: தெரியாமல் மேகத்துக்குள் போய்விட்டால்?

உடம்பு சொல்வதை நம்பாதீர்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும், நேராகப் போவதாகவே தோன்றும். கருவிகளைப் பார்த்து இறக்கையை மட்டமாக்குங்கள். அப்புறம் நொடிக்கு 3 டிகிரி வீதம் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு நிமிடத்தில் வந்த பக்கம் பார்த்துவிடுவீர்கள். கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லிவிடுங்கள், வெட்கம் வேண்டாம்.

நான் மாணவனாக இருந்தபோது, இறங்கி வரும் மேகத்துக்கு அடியில் நானும் இறங்கி இறங்கிப் போய், கடைசியில்தான் திரும்பினேன். பாராட்டுக் கிடைக்கும் என்று நினைத்தேன். “பத்து நிமிஷம் முன்னாடியே ஏன் திரும்பல?” என்று மட்டும் கேட்டார் என் பயிற்றுநர்.