ஒரே காசோலையில் வந்த இன்சூரன்ஸ் பணத்தை எந்தெந்த சார்ஜில் எவ்வளவு போஸ்ட் செய்வது (கணக்கில் பதிவது)?

அமெரிக்க மெடிக்கல் பில்லிங்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலரும் கேட்பது இது: மொத்தத் தொகையைச் சார்ஜ்களின் விகிதத்தில் பிரித்துப் போட்டுவிடலாமா? கூடாது. இஓபி-யில் (எந்த சார்ஜுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விவர அறிக்கை) வரிக்கு வரி எவ்வளவு என்று இருக்கும்போது நாமாகப் பங்கு போட வேலையே இல்லை.

ஒரு கிளெய்மில் இரண்டு வரி, அதாவது இரண்டு சார்ஜ், என்று வையுங்கள். டாக்டர் விசிட் 150 டாலர், ரத்தப் பரிசோதனை 50. விசிட்டுக்கு அனுமதித்தது 100. அதில் 80 கொடுத்து, 20-ஐக் கோஇன்சூரன்ஸ் (அனுமதித்த தொகையில் நோயாளி கட்ட வேண்டிய பங்கு) என்று நோயாளி பக்கம் தள்ளியிருக்கிறார்கள். பரிசோதனைக்கு அனுமதித்தது 20, முழுசாகக் கொடுத்துவிட்டார்கள். வந்த பணம் 100. இதை விகிதப்படி பிரித்தால் 75, 25. ஒப்பந்தத் தள்ளுபடியை (இஓபி-யில் சிஓ 45 என்ற குறியீட்டோடு வரும்) முறையே 50, 30 என்று கழித்ததும் விசிட்டில் 20-க்குப் பதில் 25 பாக்கி நிற்கும்; பரிசோதனையில் 5 டாலர் கிரெடிட் தொங்கும். மொத்தம் என்னவோ டாலி ஆகும், அதனால்தான் இந்தத் தப்பு சட்டென்று கண்ணில் படாது. நோயாளிக்கு 25 டாலருக்கு ஸ்டேட்மென்ட் போன பிறகுதான் போன் வரும்.

ஒவ்வொரு வரியிலும் சார்ஜ் = பேமென்ட் + தள்ளுபடி + நோயாளி பங்கு என்று சரிபாருங்கள்.

உள்நோயாளி கிளெய்ம்களில் டிஆர்ஜி முறைப்படி (நோய் வகைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் முறை) மொத்தமாக ஒரு தொகை வரும். அங்கே வரிவாரி விவரம் இல்லாவிட்டால் விகிதப் பங்கீடு செய்யலாம். சில்லறை சென்ட் வித்தியாசத்தைக் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.

காசோலைத் தொகையே குறைந்தால் பிஎல்பி பகுதியை (தனி கிளெய்மோடு சேராத, மொத்தத் தொகையில் செய்யும் சரிக்கட்டல்கள் வரும் இடம்) பாருங்கள், பெரும்பாலும் பழைய கிளெய்முக்குப் பிடித்திருப்பார்கள்.