கிட்னியில எந்த செல்லுக்கு அடி?

கேள்வி: அப்பாவுக்கு சுகர், கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) ஏறிட்டே போகுது, பயாப்சி (கிட்னியில துளி திசு எடுத்துப் பாக்குறது) பண்ணணும்னு சொல்றாங்க. ஒவ்வொரு செல்லையும் தனியா பாக்குற டெக்னாலஜி வந்திருக்காமே, அதுல என்னங்க தெரியும்? - வாசகி, பாலக்கோடு

பதில்: உங்க ஊரு மண்டியில ஒரு லோடு தக்காளிய மொத்தமா கூழாக்கிட்டா எந்தப் பழம் அழுகினதுன்னு தெரியாதுல்லம்மா, முன்னாடி திசுவ அப்படித்தான் மொத்தமா அரைச்சு எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அளந்தாங்க. சிங்கிள் செல் முறையில ஒவ்வொரு செல்லும் தனித்தனியா, ஸ்பேஷியல்ங்கற எடம் பாக்குற முறையில அது எந்த எடத்துல யாரு பக்கத்துல இருக்குன்னும் தெரியும். 2023ல நேச்சர் இதழ்ல வந்த கிட்னி அட்லஸ்ல, அதாவது செல் வரைபடத்துல, 51 முக்கிய செல் வகை பிரிச்சிருக்காங்க. அடிபட்ட டியூபியூல் (கிட்னிக்குள்ள இருக்குற நுண்குழாய்) செல்லுல சிலது தேறிடுது, சிலது தேறாம அங்கேயே நின்னு சுத்தி தழும்பு விழ வைக்குது, எனக்குப் பெருசா படுறது இதுதான். ஆனா இன்னும் ஆராய்ச்சி அளவுலதான்மா இருக்கு, அப்பா பயாப்சிய மைக்ராஸ்கோப்லதான் பாப்பாங்க, டாக்டர கேக்காம வலி மாத்திரை எதுவும் வாங்கித் தராதீங்க.